பொருளைப் படம் எடுப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் செய்து விற்பவர்களும் வலைப்பூ எழுதுபவர்களும் பொருட்களைப் படம் எடுப்பது பற்றி அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மஞ்சள் தூளும் இட்லிப் பொடியும் வீட்டிலேயே அரைத்து விற்கிறேன். வெள்ளை சார்ட் பேப்பர் மேல் வைத்துத்தான் எடுக்கிறேன். படத்தில் அந்த சார்ட் அழுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. மஞ்சள் தூள் ஒரு நாள் பச்சையோடிப் போகிறது, மறுநாள் செம்மண் மாதிரி வருகிறது. போன் புதிதுதான். தப்பு எங்கே?
- ஈரோடு வாசகி

பதில்: போனில் தப்பு இல்லை. இங்கே இரண்டு தனித்தனிக் கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன.

முதலில் சாம்பல். கேமரா தன் முன்னால் இருப்பது நடுத்தர வெளிச்சமுள்ள காட்சி என்று எடுத்துக்கொண்டே கணக்குப் போடும். படம் முழுக்க வெள்ளை சார்ட் இருந்தால், 'வெளிச்சம் அதிகம்' என்று அதுவே குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாவது இப்படித்தான். திரையில் பாக்கெட்டின் மேல் விரலை வைத்தால் சின்னச் சூரியன் குறி வரும். அதை மெல்ல மேலே நகர்த்துங்கள். ப்ரோ மோட் (அளவுகளை நாமே மாற்றும் வசதி) இருந்தால் இ.வி. என்ற வெளிச்ச அளவை +0.7 முதல் +1 வரை வையுங்கள். பாக்கெட்டில் உள்ள எழுத்து வெளிற ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள், கொஞ்சம் இறக்குங்கள்.

அடுத்தது நிறம். வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். ஜன்னல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின், மஞ்சள் ஒளி தரும் பல்பு 3000 கெல்வின். இரண்டும் சேர்ந்து பொருளின் மேல் விழுந்தால் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாக இருக்கும். பிறகு செயலியில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. படம் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். பச்சைச் சுவரும் சிவப்புத் திரைச்சீலையும்கூடத் தங்கள் நிறத்தைப் பொருளின் மேல் தெளிக்கும்.

மஞ்சள் தூளுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. படத்தில் மஞ்சள் நிறைய இருந்தால் 'வெளிச்சமே மஞ்சளாக இருக்கிறது போல' என்று கேமரா ஏமாந்து நீலத்தைக் கூட்டும். தூள் பச்சையோடுவது இதனால்தான். ஆகவே ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அளவை, ஆட்டோவில் விடாதீர்கள். ப்ரோ மோடில் 5500 என்று நிறுத்திவையுங்கள். உங்கள் போனில் அந்த வசதி இல்லையென்றால் லைட்ரூம் என்ற படத் திருத்தச் செயலிக்குள் இருக்கும் கேமராவில் கிடைக்கும்.

கெல்வின் அளவு சரிதானா என்று பார்க்க ஒரு மலிவான வழி: பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஓர் அட்டைத் துண்டின் மேல் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். முதல் படத்தில் மட்டும் அதைப் பொருளுக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த டேப் எந்த நிறச் சாய்வும் இல்லாத வெள்ளை. படத்தில் அது நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், அது வெள்ளையாகும் வரை கெல்வின் எண்ணை மாற்றுங்கள். ஜெராக்ஸ் தாளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வெண்மையைக் கூட்டிக் காட்ட அதில் ரசாயனம் சேர்ப்பதால் பகல் வெளிச்சத்தில் அது லேசாக நீலம் அடிக்கும்.

மேசையை ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிப் போடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். எதிர்ப்பக்கம் ஓரடி தூரத்தில் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தினால் நிழல் இளகும். 22க்கு 28 அங்குல சார்ட்டை மடிப்பு விழாமல் சுவரிலிருந்து மேசைக்கு வளைத்து ஒட்டுங்கள். பாக்கெட்டை சார்ட்டின் முன்பாதியில் வைத்தால் அதன் நிழல் பின்னால் ஏறாது. தூளைக் கரண்டியிலோ தட்டிலோ காட்டுவதாக இருந்தால் ஒருமுறை சலித்துவிட்டுக் குவியுங்கள். கட்டி ஒன்று இருந்தாலும் பழைய சரக்கு போலத் தெரியும்.

வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயில் விழாது என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். நம் ஊருக்கு அது வருடம் முழுக்கப் பொருந்தாது. ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை தமிழ்நாட்டில் சூரியன் உச்சிக்கு வடக்கே போகிறது. காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் எட்டிப் பார்க்கும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு பட்டர் பேப்பரோ வெள்ளை வேட்டியோ கட்டிவிடுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போய் வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம். மிளகாய்ப் பொடி, வத்தல், வடகம் விற்கிறேன். இரவில் எடுத்தால் மிளகாய்ப் பொடி பழுப்பாகிறது, சில படங்களில் குறுக்கே கோடு கோடாக விழுகிறது.
- சென்னை வாசகி

பதில்: இரவிலும் தாராளமாக எடுக்கலாம். சொல்லப்போனால், மேகம் வந்து போகும் தொல்லை இல்லாததால் எல்லாப் படமும் ஒரே மாதிரி வரும்.

பொடி பழுப்பாவதற்குக் காரணம் பல்பு. விலை குறைந்த எல்.இ.டி. பல்புகளின் ஒளியில் அடர்சிவப்பு குறைவாக இருக்கும். வெளிச்சத்தில் இல்லாத நிறம் படத்திலும் வராது. பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்ட பல்பு இரண்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். பல்பில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் கேமராவிலும் ஏறக்குறைய அதே எண்ணை வையுங்கள். மிச்சத்தை டெஃப்லான் டேப் அட்டை சொல்லிவிடும்.

கோடு விழுவது மின்சாரத்தால். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்கு, அதாவது மிகக் குறைந்த நேரமே ஒளியை உள்ளே விடும் கேமராவுக்கு, தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் கோடு மறைந்துவிடும். கை ஆடாமலிருக்க ட்ரைபாடில் மாட்டி, 3 விநாடி டைமர் வையுங்கள்.

முதல் பல்பைப் பொருளுக்கு இடப்பக்கம் சற்று மேலே வைத்து, நடுவில் வெள்ளைத் துணி கட்டுங்கள். இரண்டாவது பல்பைப் பொருளின் பக்கம் திருப்பாமல், வலப்பக்கத் தெர்மாகோலின் மேல் அடித்துத் திருப்பிவிடுங்கள். நேராக இரண்டு பக்கமும் அடித்தால் இரட்டை நிழல் விழும், வடகத்தின் சொரசொரப்பும் தெரியாது. துணிக்கும் பல்புக்கும் அரை அடியாவது இடைவெளி இருக்க வேண்டும்.

கேள்வி: நெசவாளர்களிடம் நேரடியாகப் பட்டுச் சேலை வாங்கி வாட்ஸ்அப்பில் விற்கிறேன். 'படத்துல ஒரு கலரு, கைக்கு வந்தா வேற கலரு' என்று திருப்பி அனுப்புகிறார்கள். வாடாமல்லியும் அரக்கும்தான் அதிகம் திரும்பி வருகின்றன. நான் எடிட் எதுவும் செய்வதில்லை.
- ஆரணி வாசகி

பதில்: நீங்கள் எடிட் செய்யாவிட்டாலும் போன் செய்கிறது. பெரும்பாலான போன்கள் படத்தைச் சேமிக்கும் முன்பே நிறத்தை ஏற்றிவிடுகின்றன. விவிட், பியூட்டி, ஏ.ஐ. சீன் என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

சிவப்பும் வாடாமல்லியும் ஏன் ஏமாற்றுகின்றன? கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துத்தான் நிறத்தைப் பதிவு செய்கிறது. பளிச்சென்ற சிவப்புச் சேலையில் மற்ற இரண்டும் சாதாரணமாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். வழிந்தபின் இழைக்கும் இழைக்கும் வித்தியாசம் இருக்காது, பெயின்ட் அடித்தது போல ஒரே தகடாகத் தெரியும். ஆகவே வெள்ளைச் சார்ட்டுக்குச் சொன்னதற்கு நேர் எதிர் இங்கே: சிவப்பு, ராணி பிங்க், வாடாமல்லிக்கு இ.வி.யை -0.3 முதல் -0.7 வரை இறக்குங்கள். படத்தில் மடிப்பை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். நெசவின் இழை தெரிந்தால் சரியான அளவில் இருக்கிறீர்கள்.

இரட்டை நிறச் சேலைக்கு ஒரு படம் எப்போதும் போதாது. மயில்கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு (நீளவாட்டு இழை) நீலம், ஊடை (குறுக்கு இழை) பச்சை. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் நீலம் தூக்கும், சேலையைத் திருப்பிப் போட்டால் பச்சை தூக்கும். இதில் எந்தப் படமும் பொய் இல்லை, ஆனால் ஒன்றை மட்டும் அனுப்பினால் வாங்குகிறவருக்கு அது பொய்யாகிவிடும். ஒரே இடத்தில் சேலையை இரண்டு வாகாகப் போட்டு இரண்டு படம் எடுங்கள். கூடவே ஜன்னலருகே முந்தானையைக் கையில் அசைத்துக் காட்டும் 10 விநாடி வீடியோ ஒன்றும் அனுப்புங்கள். 'நீலப் பாவு, பச்சை ஊடை' என்று எழுத்திலும் போடுங்கள்.

ஜரிகைக்கு வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக வர வேண்டும். ஃபிளாஷ் அடித்தால் ஜரிகை வெள்ளைத் தீற்றலாகிவிடும். நெருக்கமான கட்டம் போட்ட சேலையில் அலை அலையாக வானவில் கோடு வந்தால் அது துணியில் இல்லை, கேமராவின் புள்ளி வரிசையும் துணியின் கட்டமும் மோதுவதால் வருவது. அரை அடி முன்னே போங்கள் அல்லது பின்னே வாருங்கள், மறைந்துவிடும்.

வாங்குகிறவரின் திரை உங்கள் கையில் இல்லை. இரவில் கண் கூசாமலிருக்க மஞ்சள் திரை வைத்துப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். அனுப்பும்போதே 'பகல் வெளிச்சத்தில் எடுத்தது, போனில் நைட் மோடை அணைத்துவிட்டுப் பாருங்க' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நிறத்தின் பெயரை ஊர் வழக்கில் எழுதுங்கள். வெறும் 'மெரூன்' என்பதைவிட 'அரக்கு, கருப்பு கலந்த சிவப்பு' என்பது தெளிவாகப் புரியும்.

கேள்வி: கவரிங் ஜிமிக்கி, ஆரம் விற்கிறேன். எதை எடுத்தாலும் அதில் என் போனும் என் விரலும் தெரிகின்றன. கிட்டே போனால் படம் மங்கிவிடுகிறது. போர்ட்ரெயிட் மோடில் ஜிமிக்கியின் கொக்கியே காணாமல் போகிறது.
- சிதம்பரம் வாசகி

பதில்: முலாம் பூசிய நகை ஒரு வளைந்த கண்ணாடி. சுற்றிலும் என்ன இருக்கிறதோ அதையே காட்டும். எனவே சுற்றுப்புறத்தை வெள்ளையாக்கிவிடுவதுதான் வழி. இரண்டு பக்கமும் பின்னாலும் தெர்மாகோல் நிறுத்தி, மேலே பட்டர் பேப்பர் போர்த்துங்கள். முன்னால் ஒரு வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு, அதன் வழியே எடுங்கள். போனும் கையும் அட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும்.

இப்போது புதிதாக ஒரு குறை தெரியும். எல்லாப் பக்கமும் வெள்ளையாகிவிட்டால் நகை பிளாஸ்டிக் மாதிரி சப்பென்று இருக்கும். உலோகம் உலோகமாகத் தெரிய அதில் கொஞ்சம் கருப்பும் வேண்டும். விரல் அகலத்துக்கு ஒரு கருப்பு சார்ட் துண்டு வெட்டி, படத்துக்குள் வராதபடி ஜிமிக்கிக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். குடையின் வளைவில் ஒரு கருங்கோடு ஓடும், உருண்டை வடிவம் எழுந்து வரும். துண்டை அரை அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தித் திரையில் பார்த்துக்கொண்டே இடத்தை முடிவு செய்யுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஐந்து நிமிடம் செலவழித்தால் தகும். கெம்புக் கல் வைத்த நகையாக இருந்தால் சின்ன டார்ச் ஒன்றை ஓரத்திலிருந்து அடியுங்கள். மென்மையான வெளிச்சத்தில் கல் மின்னாது.

மங்குவது ஏனென்றால், ஒவ்வொரு லென்ஸுக்கும் இதற்கு மேல் கிட்டே வரக்கூடாது என்று ஒரு தூரம் உண்டு. போனைப் பின்னுக்கு இழுத்து 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள், பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். கிட்டே போனால் தானாக மேக்ரோவுக்கு மாறும் போன்களில் அகல லென்ஸ்தான் வேலை செய்கிறது. ஜிமிக்கியின் குடை பெருத்து, தோடு சிறுத்துக் கோணலாகும், போனின் நிழலும் விழும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

போர்ட்ரெயிட் மோடை நகைக்கு மறந்துவிடுங்கள். எது முன்னால், எது பின்னால் என்று மென்பொருள் ஊகித்துப் பின்னணியை மங்கலாக்குகிறது. மெல்லிய கொக்கியும் சங்கிலியும் அந்த ஊகத்தில் தப்பிப் போகும். பின்னணி மங்க வேண்டுமென்றால் நகைக்கும் பின்னணிக்கும் நடுவே இரண்டடி இடைவெளி விடுங்கள், தானாக மங்கும்.

தொங்கும் ஜிமிக்கியைத் தூண்டில் நரம்பில் கட்டி விடலாம். நரம்பை ஸ்னாப்சீட் என்ற படத் திருத்தச் செயலியின் ஹீலிங் கருவியால் அழித்துவிடலாம். அளவு காட்ட ஒரு படத்தில் பத்து ரூபாய் நாணயம் பக்கத்தில் இருக்கட்டும், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர்.

கேள்வி: சமையல் வலைப்பூ எழுதுகிறேன். வாழை இலையில் இட்லி வைத்து எடுத்தால் இட்லி பச்சை தட்டுகிறது, இலை ஓரிடத்தில் வெள்ளையாகப் பளபளக்கிறது.
- தஞ்சாவூர் வாசகி

பதில்: இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பச்சையாகத்தான் இருக்கும், அது இட்லியின் அடிப்பாகத்தில் ஏறுகிறது. ஜன்னலுக்கு எதிரே நிறுத்தும் தெர்மாகோலை இன்னும் கிட்டே கொண்டுவாருங்கள். வெள்ளை வெளிச்சம் கூடினால் பச்சை அமுங்கும். இலையை முழுசாக விரிக்காமல் சின்ன ஏடாக நறுக்கிப் போட்டாலும் குறையும். மீதியை ஸ்னாப்சீடின் செலக்டிவ் கருவியில் இட்லியின் மேல் மட்டும் புள்ளி வைத்து, நிறச் செறிவைக் குறைத்துச் சரிக்கட்டலாம்.

பளபளப்புக்குக் காரணம் இலையின் மெழுகுப் பூச்சு. ஈரம் இருந்தால் இன்னும் மோசம், எனவே துடைத்துவிடுங்கள். பிறகு இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் பளபளப்பு வேறு திசைக்குப் போய்விடும். இட்லியின் மென்மை தெரிய வெளிச்சம் பின்பக்க ஓரத்திலிருந்து வர வேண்டும். கடிகாரத்தில் பத்து மணி முள் இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவி பறப்பதைக் காட்ட ஆசைப்பட்டால் பின்னணி கருமையாக இருக்கட்டும், வெள்ளைப் பின்னணியில் ஆவி தெரியாது. சட்னியைக் கடைசியில் ஊற்றுங்கள், பத்து நிமிடத்தில் தண்ணீர் பிரிந்துவிடும்.

கேள்வி: செக்குத் தேங்காய் எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் விற்கிறேன். ஜன்னல் பின்னால் இருக்கும்படி வைத்தால் எண்ணெய் அழகாக இருக்கிறது, லேபிள் இருட்டாகிறது. திருப்பி வைத்தால் லேபிள் தெரிகிறது, எண்ணெய் செத்துப்போகிறது.
- காங்கேயம் வாசகர்

பதில்: பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை விட்டுவிடாதீர்கள், எண்ணெய்க்கு அதுதான் உயிர். லேபிளுக்குத் தனியாக வெளிச்சம் கொடுங்கள். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து ஓர் அட்டையில் ஒட்டி, பாட்டிலுக்கு முன்னால் ஓர் ஓரத்தில் சாய்த்து நிறுத்தினால் ஜன்னல் ஒளி திரும்பி லேபிளில் விழும்.

பின்னணி முழுக்க வெளுப்பாக இருக்கும்போது கண்ணாடியின் விளிம்பு கரைந்துவிடும். பாட்டிலின் இரு பக்கமும், படத்துக்குச் சற்று வெளியே, பாட்டில் உயரத்துக்குக் கருப்பு சார்ட் பட்டைகள் நிறுத்துங்கள். பேனாவால் வரைந்தது போல விளிம்பு கிடைக்கும். போன் பாட்டிலின் நடு உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் பாட்டில் கீழே குறுகிச் சாயும். மூன்று நான்கடி தள்ளி நின்று 2 எக்ஸில் எடுங்கள்.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் எடுத்தால் கலங்கலாகத்தான் வரும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து எண்ணெயைத் தெளியவிட்டு, வெளிப்பக்கத்தைத் துடைத்து, பிறகு பருத்தித் துணியால் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகையை எண்ணெய்ப் பாட்டிலிலிருந்து எடிட் செய்து நீக்குவது பெரிய வேலை. லேபிளின் பின்பக்கத்தையும் தனியாக எடுத்துப் போடுங்கள்: நிகர அளவு, விலை, தயாரித்தவர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் எல்லாம் படிக்கும்படி இருக்க வேண்டும்.

கேள்வி: கையால் செய்த சோப்பு விற்கிறேன். 50 எம்.எம். லென்ஸோடு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று 35,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?
- கோயம்புத்தூர் வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சோப்புக்குப் போனே போதும். ட்ரைபாட், தெர்மாகோல், சார்ட், பட்டர் பேப்பர், கிளிப் எல்லாம் சேர்த்தாலும் இந்தத் தொகையில் சிறு பங்குதான் ஆகும். வெளிச்சத்தைக் கையாளத் தெரியாமல் கேமரா வாங்கினால் அதே தப்பான படம் பெரிய அளவில் வரும், அவ்வளவுதான்.

பின்னாளில் வாங்கினாலும் லென்ஸின் கணக்கைப் பாருங்கள். சாதாரண 50 எம்.எம். எஃப்/1.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது) லென்ஸ்கள் பொதுவாக 35 சென்டிமீட்டருக்கும் கிட்டே ஃபோகஸ் ஆகாது. சிறிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) கொண்ட கேமராவில் அந்தத் தூரத்தில் படத்தின் அகலத்துக்குள் அடங்குவது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். சோப்புக் கட்டிக்குச் சரி, மூக்குத்திக்குப் பற்றாது. எடுக்கும்போது எஃப்/8, ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறன்) 100, ட்ரைபாட். எஃப்/1.8இல் எடுத்தால் சோப்பின் முன் விளிம்பு மட்டும் தெளிவாக இருந்து பெயர் முத்திரை மங்கிவிடும்.

மழைக்காலத்தில் சோப்பு வியர்ப்பது அதிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால்தான். எடுக்கும் வரை காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: காசு கொடுத்துப் போட்டோகிராஃபரை வைத்து எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? அவர் தன் பக்கத்தில் போடலாமா?
- திருநெல்வேலி வாசகி

பதில்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். வாட்ஸ்அப்பிலாவது முன்கூட்டி எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை படம், முழு அளவுக் கோப்பு உண்டா, அவர் தன் பக்கத்தில் போடலாமா கூடாதா என்று. வேறொரு விற்பனையாளரின் படத்தை எடுத்து உங்கள் பொருளுக்குப் போடுவது சட்டப்படி தப்பு. வேறு சரக்கின் படத்தைக் காட்டி விற்பது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகமும்கூட.

கேள்வி: ஒரே படத்தை அமேசான், இன்ஸ்டாகிராம், வலைப்பூ, வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் போடலாமா? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவே போய்விடுகிறது.
- திருச்சி வாசகர்

பதில்: எடுப்பது ஒன்றாக இருக்கலாம், வெட்டுவது வேறு வேறாக இருக்க வேண்டும். அதனால் எடுக்கும்போதே நான்கு பக்கமும் இடம் விட்டு எடுங்கள்.

அமேசானில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவான 255இல் இருக்க வேண்டும். பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும். அதன்மேல் எழுத்தோ வாட்டர்மார்க்கோ கூடாது. வாங்குகிறவர் பெருக்கிப் பார்க்க நீளமான பக்கம் 1000 பிக்சலுக்குக் குறையக் கூடாது. இன்ஸ்டாகிராமுக்கு 1080க்கு 1350 என்று நிமிர்ந்த வாக்கில் வெட்டுங்கள். வலைப்பூவுக்கு 1200 பிக்சல் அகலம் போதும். வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவில் 200 கேபிக்குள் அடக்கினால் மெதுவான இணைப்பிலும் பக்கம் சட்டென்று திறக்கும். கோப்புக்கு 'ஐ.எம்.ஜி. 4471' என்ற பெயரை அப்படியே விடாமல் பொருளின் பெயரை வைத்து, படத்துக்கான மாற்று எழுத்தையும் (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கு அதை விவரிக்கும் வரி) நிரப்புங்கள்.

ஐபோனில் எடுக்கிறவர்கள் கவனிக்க: அது வழக்கமாக விரிந்த நிறப் பரப்பில், ஹெச்.இ.ஐ.சி. கோப்பாகச் சேமிக்கும். எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுவான நிறப் பரப்பில் ஜேபெக் கோப்பாக மாற்றி ஏற்றாவிட்டால் சில திரைகளில் நிறம் வெளிறும்.

வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும். ஹெச்.டி. என்ற பொத்தானை அழுத்தி அனுப்பினால் பரவாயில்லை. அசல் தரம் அப்படியே போக வேண்டுமென்றால் கேலரி வழியே போகாமல், இணைப்புக் குறியில் 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்து அனுப்புங்கள். உங்கள் மூலப்படத்தை மட்டும் ஒருபோதும் வாட்ஸ்அப்பிலிருந்து திரும்ப எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். அது ஏற்கெனவே சுருங்கியது. மறுபடி எடிட் செய்து சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கெடும்.